அடிமனை

சாவியோடு ஒரு ஷாம்பெயின் பாட்டிலும்
தொட்டிச் செடியும் தந்தார்கள்.
போல்ட்டன் நகரத்து விளிம்பில்
பெயின்ட் வாடை போகாத நாற்பத்தொரு வீடுகளில்
எங்களுடையது பதினேழு.

லோர்னாதான் பத்திரத்தை முழுதாகப் படித்தாள்,
மூன்றாம் வருடம், காய்ச்சலில் கிடந்தபோது.
சுவர் நம்முடையது. கூரை நம்முடையது.
கூரையில் எச்சமிடும் புறாவும்
நம்முடையது என்றே வைத்துக்கொள்.
மண் மட்டும் குத்தகை.
கட்டியவன் அதை விற்றுவிட்டான்,
ஏதோ ஒரு தீவில்
தபால்பெட்டி எண்ணாக மட்டும் வசிக்கும்
ஒரு கம்பெனிக்கு.

அடிமனை வாடகை
பத்து வருடத்துக்கொரு முறை இரட்டிக்கும்.
விரல்விட்டு எண்ணினேன்,
கட்டைவிரல் வருமுன் நிறுத்திக்கொண்டேன்.

அழைப்புமணி மாற்ற அனுமதிக் கட்டணம் அறுபது பவுண்டு.
கோழி வளர்க்கக் கூடாது.
யார் வளர்க்கப் போகிறார்கள்?
ஆனால் அன்றிலிருந்து எனக்குக்
கோழிமேல் ஒரே ஆசை.

விற்றுவிடலாமென்றால்
வாங்க வருகிறவரின் வக்கீல்
எட்டாம் பக்கத்தில் சூடுபட்டவர்போல்
கையை எடுத்துக்கொள்கிறார்.

போன செவ்வாய் பூனை செத்தது. பிக்கிள்.
ராத்திரி, மழையில்,
லோர்னா டார்ச் பிடிக்க நான் தோண்டினேன்.
உடைந்த செங்கல், கம்பி, சிமென்ட் மூட்டைக் கிழிசல்,
அப்புறம்தான் களிமண்.
இரண்டடி.
யாரிடமும் கேட்கவில்லை.

விடிந்து
பூட்ஸில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
"வெளியிலேயே உதறு" என்றாள்,
"உள்ளே வந்தால் அதற்கும் பில் வரும்."

சிரிக்கவில்லை அவள்.
வருகிற மார்ச்சில்
பத்து வருடம் முடிகிறது.