ஒருக்கா வையுங்

கோபி உழவர் சந்தையில்
முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவரை
முதலில் கண்டுபிடித்தது சரசாள்.
"ஏனுங், கிட்டுசாமி மாமன்தானுங்?"

பதினோரு வருசமாக
எட்டரை மணிக்கு
மருமகளை, பால்காரனை, மின்விசிறியை,
போன பங்குனியில் பெய்யாத மழையை
வைதுகொண்டேயிருக்கும் மனிதர்,
இங்கே சென்னியப்பன்.
கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வானவர்.
மாதம் பத்து நாள் ஈரோட்டில் ரயிலேறி
மெட்ராஸ் போய்க் கத்திவிட்டு வருவார்.
மற்றபடி
தக்காளியை அழுத்திப் பார்க்கவும் கூச்சம்.

"எங்களை ஒருக்கா வையுங் மாமா."
"எதுக்குங் அம்மிணி, காய் நல்லாத்தான இருக்குது."
சரசாளுக்கு முகம் விழுந்துவிட்டது.
கீரைக்கட்டோடு நின்ற பெரியவர் தோளைத் தட்டினார்:
"அந்தப் பொண்ணு பாவமுங். ஆனா நீங்க விட்ராதீங்."
கத்தரிக்காய் ராசு, கோபம் வரட்டுமென்று,
சொத்தையாய் நாலு பார்த்துப் பைக்குள் போட்டான்.
சில்லறையாகவே கொடுத்து
நன்றியும் சொல்லிவிட்டு நடந்தார்.

ராத்திரி அதையே குழம்பு வைத்திருந்தாள் பாவாத்தாள்.
எட்டரை.
பெட்டிக்குள் கிட்டுசாமி தட்டைத் தள்ளினார்:
"இதென்ன கொழம்பா, கழனித்தண்ணியா?"

பெட்டிக்கு வெளியே சென்னியப்பன்
ஒரு புழுவை இலையோரம் ஒதுக்கிவிட்டு
இன்னொரு கரண்டி கேட்டார்.
"நல்லாருக்குது."

பாவாத்தாள் ரிமோட்டைத் தேடியெடுத்துச்
சத்தத்தைக் கூட்டினாள்.
பிறகு பெட்டியைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்:
"கோவிக்காதீங்.
நாளைக்கு நல்ல காயாப் பாத்து
வாங்கியாறச் சொல்றனுங்."