எழுவைதீவு, தனித்துண்டு

கோண்டாவிலில், கார் இல்லாத கராஜுக்குள்
நாங்கள் வட மாகாணம் வெட்டுகிறோம்.
ஆறு மில்லிமீற்றர் பலகை.
முதலில் மன்னார், பிறகு வவுனியா.
முல்லைத்தீவின் ஓரம் எப்படியும் கொஞ்சம் கருகும்,
அதை அரத்தாளால் தேய்ப்பது என் வேலை.
மகள் மாதுமைக்கு எண்ணும் வேலை.
பெட்டிக்கு இருபத்தாறு துண்டு.
இடையில் அவள் கொட்டாவி விட்டால்
எங்கோ ஒரு பாடசாலையில்
சாவகச்சேரி இருந்த இடம் ஓட்டையாய்க் கிடக்கும்.

பெட்டி ஆயிரத்து நானூறு ரூபா.
கடைக்காரரின் கழிவு போக,
மெஷினின் லீசிங் போக,
கரண்ட் போக
(அது இரண்டு விதமாயும் போகும்)
மிச்சத்தைச் சட்டைப்பைக்குள் வைத்து
வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பார் இவர்.

தீவுகள்தான் தொல்லை.
நெடுந்தீவு தன்பாட்டில் கிடக்கும்.
புங்குடுதீவைப் பிடிக்க ஒரு கை போதும்.
எழுவைதீவை அளவுப்படி வெட்டினால்
ஒரு உளுந்து.
வாய்க்குள் போடுவார்கள், மூக்குக்குள் போடுவார்கள்,
நாலு வயதுக்கு எல்லாமே துவாரம்.
ஆகவே போன தை மாதம்
அதை அனலைதீவோடு சேர்த்து ஒரே துண்டாக்கினோம்.
நடுவில் கடலென்று ஒரு நீலக்கோடு.
"ஒரு பெட்டிக்கு அரை நிமிஷம் மிச்சம்" என்றார் இவர்.
தலையாட்டியது நான்தான்.

பங்குனியில் ஒரு அழைப்பு.
"நான் யசிந்தா ரீச்சர், எழுவைதீவு முன்பள்ளி.
பதினொரு பிள்ளையள்."
குரலில் கோபம் இல்லை. பின்னால் காற்றுத்தான் இரைந்தது.
"பெட்டி நல்ல வடிவாயிருக்கு.
ஒரு பொடியன் மட்டும் கேக்கிறான்,
எங்கட ஊரை அனலைதீவுக்காரர் ஏன்
பிடிச்சு வைச்சிருக்கினம் எண்டு."

போனை இவரிடம் நீட்டினேன்.
"ஓம் ரீச்சர்" என்று ஏழு தரம் சொன்னார்.
எட்டாவது தரம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு சண்டை. சத்தமில்லாத சண்டை,
பக்கத்து அறையில் பிள்ளை.
பெரிதாக வெட்டினால் அளவு பிழை என்றார்.
ஒட்டி விட்டால் மட்டும் சரியா என்றேன்.
பெட்டிகள் அறுபது ஏற்கெனவே மூடி ஒட்டியாயிற்று,
பிரிப்பதென்றால் அறுபது மூடி, அறுபது ஸ்டிக்கர்.
கொப்பியில் கூட்டிப் பார்த்தேன்.
கூட்டியதை மறைத்து வைத்தேன்.
விடிய எழும்பிப் பார்க்க
இவர் பென்சிலோடு இருந்தார், தேத்தண்ணி ஆறிப்போய்.

எங்கள் வரைபடத்தில் இப்போது எழுவைதீவு
நெடுந்தீவின் அரைவாசி.
பூகோளம் படித்த எவரும் மன்னிக்கமாட்டார்.
பிள்ளையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில்
சரியாக நிற்கும்,
மாதுமையின் கையை வைத்துத்தான் அளந்தோம்.

ஊர்காவற்றுறையில் படகேற்றினோம்.
காஸ் சிலிண்டருக்கும் மா மூட்டைக்கும் இடையில்
பழைய சேலைத் துண்டால் சுற்றிய பார்சல்.
பில்லில் எழுதினேன்:
தீவு, திருத்தியது. காசு வேண்டாம்.

நாலாம் நாள் ரீச்சர் ஒரு படம் அனுப்பினார்.
சீமெந்து நிலத்தில் வட மாகாணம் முழுதாக,
சுற்றிவரப் பதினொரு சோடிக் கால்கள்.
எழுவைதீவை மட்டும் காணவில்லை.
கீழே எழுதியிருந்தார்:
"அவன் அதைக் களுசான் பைக்குள்ள போட்டு
வீட்டை கொண்டு போட்டான்.
கேட்டா, அது தன்ரயாம்."

இவர் இரண்டு தரம் வாசித்தார்.
மூலையில் சாய்த்திருந்த பலகைத் துண்டுகளைப் புரட்டினார்.
"பத்துத் தீவுக்குக் காணும்" என்றார்.
"பதினொண்டு" என்றேன். "மற்றதுகளும் கேக்குங்கள்."
சுவிச்சில் கை வைத்தார்.
இப்ப போடாதையுங்கோ, நாளைக்குப் பாக்கலாம்,
அவள் இப்பத்தான் கண்ணயர்ந்தவள்.