அரைக்கால்

ஜீலாங்கில் செவ்வாய்க்கிழமை, மழை.
வரவேற்பு மேசையில் கெர்ரி-ஆன்
அவர் பெயரை மூன்றாக உடைத்துக் கூப்பிட்டாள்.
மூன்றாவது துண்டுக்கு எழுந்து வந்தார்
இசோகாவா தெத்சுரோ, வயது நாற்பத்தொன்பது,
தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

எக்ஸ்ரே மேசைக்கு ஏறக் கை கொடுத்தேன்.
வலது முழங்கால், இரண்டு கோணம்.
'முன்பு அடிபட்டதுண்டா?'
'ஃபுட்பால்' என்றார்.
இந்த ஊரில் அந்தச் சொல்லே முட்டை வடிவம்.
'எந்த அணி?' என்றேன், உள்ளூர்ப் பெயரை எதிர்பார்த்து.
இரு கைகளாலும் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார்,
மொழி தெரியாத ஊரில் தோசை கேட்பவர் மாதிரி.
'ஓ, சாக்கர்.'
'ஓ, சாக்கர்' என்று அவரும் தலையாட்டினார்
யாரோ தூரத்து உறவைக் கேள்விப்பட்டதுபோல.

மூச்சை அடக்க வேண்டாம், இது நெஞ்சுப் படமில்லை
என்று சொல்லியும்
அடக்கிக்கொண்டார்.

திரையில்
இரண்டு திருகாணிகள்,
தேய்ந்து ஒட்டிக்கொண்ட மூட்டு,
ஓரத்தில் முளைத்த எலும்பு முள்.
எலும்பில் பெயர் எழுதியிருப்பதில்லை.
அதை மூலையில் நாங்கள்தான் தட்டச்சு செய்கிறோம்.

வெளியே, மாவுக்கட்டுக் கையோடு காத்திருந்த மாணவி
நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.
இடுப்பு வரை வளைந்தாள்.
கட்டு முழுசாய்க் காயவில்லை.
'பரவாயில்லை, அதிலேயே' என்றிருப்பாள், அவர்கள் மொழியில்.
என் பையிலிருந்த பேனாவை வாங்கி
ஈரம் அழுந்தாமல் எழுதினார்.
ஹினாகோ என்னிடம் திரும்பிச் சொன்னாள்:
'எங்கள் வீட்டு நாய்க்கு இவர் பெயர்.'

இடுப்பெலும்புக்காக வந்திருந்த மெர்வ்
செய்தித்தாளை இறக்கினார்.
'மெல்பர்னுக்கு ஒரே ஒரு சீசன் வந்தாய்.
பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினாய்.
அன்றும் மழை.
என் காரை வேறு இழுத்துக்கொண்டு போனார்கள்.'
இசோகாவா அவருக்கும் வளைந்தார்,
ஹினாகோவுக்கு வளைந்ததைவிட
ஒரு விரல்கடை அதிகமாக.

மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது:
முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம்.
நம் பின்னங்களுக்கும் கால் உண்டு.
அவர் ஊரில் அவர் ஒன்று.
நாய் வளரும் வீட்டில் ஒன்றேகால்.
மெர்விடம் முக்கால், வட்டி கட்டி வளர்வது.
கெர்ரி-ஆனிடம் மூன்றில் ஒரு துண்டு,
அந்தப் பின்னத்துக்கு வாய்ப்பாட்டில் பெயர் இல்லை.
என்னிடம்?
அரங்கம் நிறைந்தவர்கள் எவரும் பார்க்காததை
உள்ளே போய்ப் பார்த்தவள் நான்.
எந்த அணி என்று கேட்டவளும் நான்.
அரைக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் நிறுத்தம்வரை போனவர்
பேனாவைத் திருப்பித் தர
நொண்டிக்கொண்டே வந்தார், தலையெல்லாம் நனைந்து.
செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல்:
'இடது பக்கம் அடித்திருக்கணும்.'

'ஆமாம்' என்றார் இசோகாவா.
'இன்றைக்கும் காலையில் அதைத்தான் நினைத்தேன்.'