வடிகட்டி

நாற்பத்து மூன்று என்றார் பாடலேஸ்வரன்,
விடிகாலை, கழிவறை வாசலில்
டீ வடிகட்டியைத் தூக்கிக் காட்டியபடி.
எல்லாம் பட்டாணிப் பச்சை.

முந்தின இரவு
ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெய்
(அந்தக் காசுக்கு ஒரு வாரம் வஞ்சிரம் வாங்கலாம்),
எட்டு எலுமிச்சையின் சாறு, பேதி உப்பு.
வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்
பித்தப்பை தானே வாய் திறக்குமாம்.
விடிய விடியத் திறந்தது
கொல்லைக் கதவுதான்.

ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி,
ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்து
வந்தவர்க்கெல்லாம் காட்டினார்.
மிதந்தன.
கல் மிதக்குமா என்று நான் கேட்கவில்லை.
பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில்
பதினாறு வருஷமாய்க் குடுவை கழுவுகிறேன்,
எண்ணெய் எதோடு சேர்ந்தால் என்ன ஆகுமென்று
என் கைக்குத் தெரியும்.

புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
மூடியைத் திறந்து தொட்டேன்,
விரலில் வழுக்கியது.
அவரிடம் சொல்லவில்லை, குலுக்கி வைத்துவிட்டேன்.

நான்காம் நாள்
வலது விலாவுக்குக் கீழே கொக்கி போட்டு இழுத்தது அவரை.
கண்ணெல்லாம் மஞ்சள்.
கடலூரின் பள்ளங்களை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டு
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போனது ஆட்டோ.
ஸ்கேனில் மூன்று கல்,
இருந்த இடத்திலேயே.

"கல்லீரல்னு பேரு அதுக்கு,
கல்லு மட்டும் பக்கத்து வீட்லயா டாக்டர்?"
அந்த வலியிலும் கேட்டார்.
இந்தப் பித்தனை
நான் கட்டிக்கொண்டதே இதற்குத்தான்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.
திரும்பும் வழியில் இறங்கி
ஒரு புது வடிகட்டி வாங்கினேன்.
பழையதை அவர் கழுவி
அடுப்புக்கு மேல் மாட்டியிருந்தார்,
அதே ஆணியில்.
ஐந்து நாளாய் அதில்தான் டீ.