நான்காவது திரை

பீபிகுளத்தில், இன்வெர்ட்டர் கடைக்கு மேல்மாடியில்
உட்கார்ந்துகொண்டு
வருகிறவர்களை இரண்டாகப் பிரிக்கிறேன்.
ஒற்றைப்படைக்கு நூற்று நாற்பத்தொன்பது,
இரட்டைப்படைக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை,
உள்ளே நுழையும்போது ஒட்டிக்கொள்ளும் ஓர் எண்ணின்
கடைசி இலக்கம் மட்டும்.
இதைவிட நியாயமான அநியாயம்
எனக்குத் தெரிந்து இல்லை.

குரூப் டூ, குரூப் ஃபோர், காவலர் தேர்வு.
முதல் மூன்று வினாத்தாள் இலவசம்,
நான்காவதைத் தொட்டால் சுவர்.
சுவருக்கு நிறம் மாற்றிப் பார்த்தோம்.
'சந்தா செலுத்து' என்பதைப்
'படிக்கத் தொடங்கு' என்று ஆக்கினோம்.
பச்சைக்கு இரண்டு பேர் கூடுதலாக வந்தார்கள்.
இரண்டு பேர் என்றால் ஒன்றுமே இல்லை
என்றார் சென்னையிலிருந்து சத்தியசீலன்.
"ஆயிரம் பேராவது வரட்டும், பொறும்மா."

சுவருக்கு முன்னால் ஐந்து திரைகள்.
பெயர். எந்தத் தேர்வு. நாளைக்கு எத்தனை மணி நேரம்.
நான்காவதில் நான் எழுதிய கேள்வி:
இதற்கு முன் எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள்?

நூறு பேர் வந்தால் நாற்பத்தொரு பேர்
அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.
பதிவேட்டில் எல்லாம் தெரிகிறது.
ஒருத்தி மூன்று என்று அழுத்தி, இரண்டாக்கி,
மறுபடி மூன்றாக்கி,
மூடிவிட்டுப் போயிருக்கிறாள்
இரவு ஒன்று பதினேழுக்கு.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
நான் ஐந்து முறை எழுதியவள்.
ஐந்தாவதில் ஒன்றரை மதிப்பெண் குறைந்தது.
அதற்குப் பிறகு ஒரு வருஷம்
எந்த விசேஷ வீட்டுக்கும் போகவில்லை.

கேள்வியை எடுத்துவிட்டுப் பாதிப் பேருக்குக் காட்டினோம்.
எடுத்த பக்கம் ஏறியது.
சத்தியசீலன் கைதட்டும் பொம்மை அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை ஒரு போன்.
உசிலம்பட்டி மொக்கராசு.
"மேடம், காந்தி மியூசியம் மரத்தடியில இருக்கோம்.
எனக்கு நூத்தித் தொண்ணூத்தொம்போது காட்டுது,
பக்கத்துல அங்காள ஈஸ்வரிக்கு நூத்தி நாப்பத்தொம்போது.
ஒரே மரம் மேடம்."

சோதனை என்று சொல்லக்கூடாது,
சொன்னால் முடிவு கெட்டுவிடும்.
"சிஸ்டம் அப்படி, தம்பி" என்றேன்.
"சிஸ்டமா" என்றான்,
பல ஜன்னல்களில் கேட்டுப் பழகிய குரலில்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து
ஈஸ்வரியின் கணக்கு தூங்கவே இல்லை.
காலை நாலரைக்கு உசிலம்பட்டியில் இயற்பியல்,
பகல் முழுக்கத் தல்லாகுளத்தில் நடப்பு நிகழ்வு,
நள்ளிரவில் மேலூரில் திருக்குறள்,
அதே நிமிஷம் விரகனூரில் சதவீதக் கணக்கு.
அரசியலமைப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு,
அரை மணி கழித்து அதே தாளில் பன்னிரண்டு.
விடை தப்பும் விதத்தை வைத்து எண்ணினேன்:
ஒன்பது பேர்.
நூற்று நாற்பத்தொன்பதை ஒன்பதால் வகுத்தால்
பதினாறு ரூபாய் ஐம்பத்தைந்து காசு, கொஞ்சம் மிச்சம்.
நாங்கள் ஒருநாளும் சோதித்துப் பார்க்காத விலை.

இல்யாஸும் பார்த்துவிட்டான்.
"பூட்டிரலாமாக்கா?"
கீழிருந்து பேட்டரி ஆசிட் நெடி
மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது.
"எந்தக் கணக்கை?" என்றேன்.
திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
டீ சொல்லப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்பினேன்.
நூற்று நாற்பத்தொன்பது வென்றது.
அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி:
ஒரு கணக்கு கணக்கில் சேர்க்கப்படவில்லை.
காரணம், அளவுக்கு மீறிய உழைப்பு.

மூன்று என்று அழுத்தியவள் இன்னும் வரவில்லை.
பதிவேட்டை ராத்திரியில் திறந்து பார்க்கிறேன்.
அந்தக் கேள்வி இப்போது இல்லை என்று
அவளுக்கு யார் போய்ச் சொல்வது?