முன்பக்கம்

சுழல்மேசை விளிம்பில் நான்கு சுண்ணக்கட்டிக் கோடுகள்.
ஒவ்வொன்றும் ஒரு முன்பக்கம்.
மூன்று நான் போட்டவை.
நான்காவது சிரில் போட்டது,
யாரும் கேட்காமல்,
காப்பிக் கோப்பையோடு கொட்டகையைக் கடந்தபோது.

இந்தப் பைன் காம்னிக் மலைச்சரிவை விட்டு
இறங்கி ஐந்து வருடம்.
பனிச்சறுக்குப் பாதையை அகலப்படுத்தினார்கள் அப்போது.
முத்திரை குத்திய சீட்டு இன்னும் இருக்கிறது:
குட்டைப் பைன், ஒன்று, வேரோடு.
வயது என்ற கட்டத்தில்
எழுத்தர் ஒரு கேள்விக்குறி வரைந்து கொடுத்தார்.

பனி அமுக்கி அமுக்கி
இரண்டு சாண் தூரம் தரையோடு படுத்துக் கிடந்து
அப்புறம்தான் எழ நினைத்திருக்கிறது அடிமரம்.
எழுகிற இடத்தில், முதுகுப்புறமாக,
பென்சில் பருமனில் ஒரு கிளை.
அதை வெட்டு என்றார் போகோமிர்.
அதை வெட்டு என்றது அவர் கொண்டுவந்த படம்.
இரண்டு மாதமாகக் கத்தரியைத் துடைத்து
எண்ணெய் போட்டுத் திரும்ப மாட்டுகிறேன் ஆணியில்.

நான் பல் செய்கிறவள்.
பிறர் வாய்க்கு, மெழுகில், பிறகு பீங்கானில்.
"முன்பல் ஒன்று லேசாகக் கோணலாக இருக்கட்டும்"
என்று கேட்பவர் நூற்றில் ஒருவர்.
அவர் சிரித்தால் மட்டும்
எவரும் உற்றுப் பார்ப்பதில்லை.

செப்டம்பரில் ஒன்பது நாள் விடாத மழை.
பெட்டியில் நீர் தேங்கி வேர் அழுகிவிடுமென்று
ஒரு பக்கத்தின் கீழே கூரை ஓடு ஒன்றைச் செருகினேன்.
நீர் வடியத்தான். வேறொன்றும் நினைக்கவில்லை.
கைவிளக்கோடு மறுநாள் போனால்
வேறு யாரோ நிற்கிறார்கள் அங்கே.

முதுகுக் கிளை உச்சியாகியிருந்தது.
அந்தப் பென்சில், நேராக, சற்றே சந்தேகத்தோடு.
பருத்த அடிமரமோ
பேச்சின் நடுவில் எழுந்து போகிறவரைப் போல
பக்கவாட்டில் வெளியேறிக்கொண்டிருந்தது.

அப்படியானால் வெட்டவேண்டியது
இத்தனை நாள் மரம் என்று நான் அழைத்ததை.

வாளி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
மழை நின்றபின்னும் உட்கார்ந்திருந்தேன்.
மலையில் அது சேர்த்த தடிமன் எல்லாம் அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் நாலு மொட்டு,
ஒரு பழுப்பு ஊசி.

முழுதாக அல்ல. இந்த வருடம் பாதி.
நுனியில் ஒரு பிடி ஊசி விட்டுவைத்தேன்,
சாறு வந்து போக வழி வேண்டுமே.
மீதி அடுத்த இலையுதிரில்.
தொட்டி அதற்கும் அடுத்த வருடம்;
ஒரே வருடத்தில் இரண்டு காயம் தாங்காது.
அதுவரை கூரை ஓடுதான் அதன் கால்.

பல் இடுக்கியால் பட்டை உரித்தேன்.
மரம் உள்ளே ஈரமாக, மஞ்சளாக,
பார்த்துவிட்டதே என்று கூச வைக்கும் நிறம்.
செம்புக் கம்பியைப் பீங்கான் பல் சுடும் உலையில்
முதலாளிக்குத் தெரியாமல் பழுக்க வைத்திருந்தேன்.
பென்சிலுக்கு இரண்டே சுற்று.
வளைக்கவில்லை. கொஞ்சம் திருகி
வெளிச்சம் எந்தப் பக்கம் என்று சொன்னேன், அவ்வளவே.

ஈரத்துணியால் கோடுகளை அழித்தேன்.
புதிய முன்பக்கம்
சிரிலின் கோட்டுக்கு இரண்டு விரல்கடை இடப்புறம்.
மறுபடி மறுபடி அளந்தேன்.
இரண்டு விரல்கடைதான்.

மேசையில் ரொட்டி, வெண்ணெய்.
எத்தனை கழுவியும் விரல்களில் பிசின்;
கடித்ததெல்லாம் மலை வாசம்.
"எந்தக் கோடு?" என்று கேட்டான்.
வாய் நிறைய மென்றுகொண்டிருந்தேன்,
தேவைக்கு மேல் மெதுவாக.