ஆந்தைக்கு எத்தனை நூல்

ஆந்தைக்கு ஏழு நூல் கட்டினேன்.
கழுத்துக்கு ஒன்று, அலகுக்கு ஒன்று,
மிச்சம் ஐந்தும் இறக்கைகளுக்கு.
தூங்கும் மில்காரனின் தொப்பியில்
சத்தமில்லாமல் வந்து அது உட்கார வேண்டும்.
உட்கார்ந்தது,
ரயில்வே கைகாட்டி சாய்வது போல.

"செத்த ஆந்தை இதைவிட நன்றாகப் பறக்கும்,
நானூலி" என்றார் இயக்குநர் ஓத்தார்.
திரை தூக்க இன்னும் ஒன்பது நாள்.

நூலைப் பதினொன்றாக்கினேன். பிறகு மூன்று.
கனவிலும் முடிச்சுப் போட்டேன்.
பொம்மைப் பட்டறையில் விடிய விடிய விளக்கெரித்து
கணக்குப்பிள்ளையிடம் திட்டு வாங்கினேன்.
யோசி யோசி என்று மூளையை
முடுக்க முடுக்க
அது சாவி கொடுத்த கரடியாய்
ஒரே சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

செவ்வாய்க்கிழமை கைவிட்டேன்.
முதுகு வலிக்காகத்தான்
திபிலிசியின் பழைய குளியல் வீடுகளுக்குப்
படியிறங்கினேன்.
தரைக்கடியிலிருந்து வரும் கந்தக வெந்நீர்.
அழுகிய முட்டை நாற்றத்தை
ஐந்து நிமிடத்தில் மூக்கு மன்னித்துவிடும்.

சூடான கல்மேடையில் குப்புறக் கிடந்தேன்.
ஸும்ருத் முரட்டுக் கையுறையால் தேய்க்கத் தேய்க்க
அழுக்கு திரிதிரியாய் உருண்டது.
"இதையெல்லாமா சுமந்துகொண்டு திரிந்தாய்?"
பிறகு தன் மருமகனின் கடனைச் சொன்னார்,
வட்டியோடு.
உம் கொட்டினேன்.
கடன் கரைந்தது. ஆந்தையும்.
எங்கோ குழாய் சொட்டியது.
வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.
நான் எதையும் எண்ணவில்லை,
அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.

அப்போது அவர்
சோப்பில் நனைத்த துணிப்பையைக்
காற்றில் ஒரு வீசு வீசி வாயைப் பிடித்தார்.
பை உப்பியது.
மேலிருந்து கீழாக ஒரு நீவு.
நுரை
என் முதுகு முழுக்க
கனமே இல்லாமல்
இறங்கியது.

இறக்கை இப்படியல்லவா இறங்கும்!
யாரும் இழுக்காமல்,
உள்ளிருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாய்ப் போய்.

எழுந்து உட்கார்ந்தேன்.
தாளில்லை, பேனாவில்லை, உடம்பில் துணியுமில்லை.
கல்லில் கிடந்த நுரையில் விரலால் வரைந்தேன்:
பை, மெல்லிய குழாய், கட்டைவிரல் அழுத்துமிடம்.
"ஆடாமல் இரு பெண்ணே"
ஒரு வாளி வெந்நீரைக் கவிழ்த்தார் ஸும்ருத்.
படம் சுழன்று சுழன்று
சாக்கடைத் துளைக்குள் போனது.
போகட்டும். விரல் பார்த்துவிட்டது.

இப்போது ஆந்தைக்கு ஒரே ஒரு நூல்.
மற்றதெல்லாம் மூச்சு.
ஒத்திகையில் ஓத்தார் ஒன்றும் சொல்லவில்லை.
உதட்டில் வைத்த சிகரெட்டைப்
பற்றவைக்க மறந்திருந்தார்.

அடுத்த நாடகத்தில் ஓர் ஆமை.
கழுத்து உள்ளே போகமாட்டேன் என்கிறது.
இந்த முறை விவரமாக
நனையாத தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு
அதே கல்லில் போய்ப் படுத்தேன்.
ஒரு மணி நேரம்,
பையையே பார்த்துக்கொண்டு.

முதுகு சுத்தமானது.